விளம்பரத்துக்குத் தடை, வாய்க்குக் கூலி: குறுங்காணொளி அரசியல் குழுக்கள் வளர்ந்த கதை

பின்னணியில் ஒரு செய்தித் தலைப்பின் படம். அதன் முன்னால், கீழ் மூலையில், 17 வயது மதிக்கத்தக்க ஒரு பையனின் தலையும் தோளும். அவன் விரலை மேலே நீட்டுகிறான். நீட்டிய இடத்தில் எழுத்து தோன்றுகிறது. இன்னொரு பக்கம் நீட்டுகிறான். அங்கும் ஒரு வரி. ஒரு பாட்டின் இரண்டு அடி ஓடி முடிவதற்குள் துப்பாக்கி உரிமை பற்றிய அவனுடைய வாதம் முடிந்துவிடுகிறது. மொத்தம் 15 வினாடி. அதே கணக்கின் அடுத்த காணொளியில் ஒரு பெண். வேறு ஊர், வேறு படுக்கையறை, பேசுவது கருக்கலைப்பு பற்றி. அதற்கடுத்ததில் மூன்றாவது ஆள். மூவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கின் பெயரில் ‘வீடு’ என்ற சொல் இருக்கிறது.

2020 தொடக்கத்தில் அமெரிக்க டிக்டாக்கில் இப்படிப்பட்ட கூட்டுக் கணக்குகள் மளமளவென்று முளைத்தன. கன்சர்வேட்டிவ் ஹைப் ஹவுஸ், ரிபப்ளிகன் ஹைப் ஹவுஸ் (இரண்டும் வலதுசாரி), லிபரல் ஹைப் ஹவுஸ் (இடதுசாரி) என்று பெயரிலேயே கட்சி நிறத்தைக் காட்டிக்கொண்டவை அவை. நடத்தியவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள். பலருக்கு அந்த நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடும் வயதுகூட ஆகியிருக்கவில்லை. குறுங்காணொளியில் காசு வாங்கிக்கொண்டு அரசியல் பேசுவது இன்று உலகெங்கும் ஒரு தொழிலாக நிற்கிறது. அந்தப் பயிருக்கு நாற்றங்காலாக இருந்தவை இந்த ‘வீடுகள்’தான் என்பது என் கணிப்பு. இளைஞர்கள் அரசியல் பேசியதில் பிழையே இல்லை. பேசியதற்கு யார் பணம் கொடுத்தார் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கேதான் எல்லாம் கோணிப்போனது.

பெயர் வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் டிக்டாக் ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்து, அதற்கு ஹைப் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நாள் முழுவதும் படம் பிடிப்பது, ஒருவர் காணொளியில் மற்றவர் தோன்றுவது, அதன் மூலம் ஒருவரின் ரசிகர்களை மற்றவருக்கும் பங்கு வைப்பது என்பதே திட்டம். கூட்டு வியாபாரம் போலத்தான். தனித்தனியாகக் கடை போட்டால் வருகிற கூட்டத்தைவிட, ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டால் எல்லோருக்கும் கூடுதல் வியாபாரம். அரசியல் பேசும் இளைஞர்கள் இந்த ஏற்பாட்டில் மாளிகையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொதுக் கணக்கு, அதற்கான கடவுச்சொல், பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்கள், யார் எந்த நாளில் காணொளி போடுவது என்ற ஒப்பந்தம். வாடகை இல்லாத வீடு தயார்.

இது ஏன் வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள டிக்டாக்கின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வளர்ந்த காலத்தில், நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர் எழுதியதுதான் உங்களுக்கு வந்து சேரும். டிக்டாக்கைத் திறந்தால் முதலில் விழுவது ‘உங்களுக்காக’ என்ற ஓடை. அதில் வருபவர்களில் பெரும்பாலானோர் நீங்கள் பின்தொடராதவர்கள். எந்தக் காணொளியை முழுதாகப் பார்த்தீர்கள், எதை இரண்டாம் முறை ஓடவிட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளிவிட்டீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரலான அல்காரிதம் அடுத்ததைப் பரிமாறுகிறது. ஆகவே இங்கே பெயர் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி போட வேண்டும். போட்டதில் ஏதாவது ஒன்று தீப்பிடிக்க வேண்டும். பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு மாணவனால் நாளைக்கு எட்டுக் காணொளி போட முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

நம் ஊர்த் தெருமுனைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைமைப் பேச்சாளர் வரும்வரை கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க ஒருவர்பின் ஒருவராக மேடையேறிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் புள்ளிவிவரம் சொல்வார், ஒருவர் கிண்டல் செய்வார், ஒருவர் பாட்டுப் பாடுவார். இந்தக் கணக்குகளிலும் அதே வேலைப் பங்கீடு இருந்தது. வாதம் பேசுபவர், நையாண்டி நடிப்பவர், எதிர்தரப்பைச் சீண்டுபவர், நேரலையில் மணிக்கணக்காக விவாதிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. இங்கே தலைமைப் பேச்சாளர் கடைசிவரை வருவதில்லை. வர வேண்டியதும் இல்லை.

அந்தக் களத்தில் மிகக் கூர்மையான ஆயுதம் ‘டூயட்’. எதிர்தரப்பாரின் காணொளியை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் நம் முகத்தை வைத்துப் பதில் சொல்லும் வசதி. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பயன்பட்டுவந்த வசதி இது. ஒருவர் ஆட, இன்னொருவர் பக்கத்தில் சேர்ந்து ஆடுவதற்கானது. அரசியலில் அது முழு வாக்குவாதமாக மாறியது. குடியரசுக் கட்சி ஆதரவுக் கணக்கு ஒன்று காலையில் போட்ட காணொளிக்கு மாலைக்குள் இருபது முப்பது எதிர்முகங்கள் முளைத்திருக்கும். எதிர்ப்பவரும் சேர்ந்துதான் அந்த மூலக் காணொளியைப் பரப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டனம் செய்ய எடுத்தாலும் மறுபடி ஒருமுறை அது ஓடத்தான் செய்கிறது. வலது வீடும் இடது வீடும் ஒன்றையொன்று வளர்த்தன. அதனால் மென்மையாகப் பேசியவருக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே போனது. பார்த்தவருக்குக் கோபம் வந்தால்தான் பதில் காணொளி வரும். பதில் காணொளி வந்தால்தான் மூலக் காணொளிக்கு ஆயுள்.

இந்தக் கூட்டத்தின் பலம் வெளியுலகுக்குத் தெரிந்த நாள் 2020 ஜூன் 20. கொரோனா பரவத் தொடங்கிய பிறகு டிரம்ப்பின் முதல் பெரிய தேர்தல் கூட்டம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் நடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் கோரிக்கைகள் வந்திருப்பதாகப் பிரசாரக் குழு பெருமையோடு அறிவித்தது. உள்ளே சுமார் 19,000 பேர் அமரலாம். வெளியே நிற்கும் கூட்டத்துக்குத் தனி மேடையும் போட்டார்கள். நகரத் தீயணைப்புத் துறை எண்ணிச் சொன்ன எண்ணிக்கை 6,200-க்குச் சற்றுக் குறைவு. வெளி மேடையைப் பிரித்து எடுத்தார்கள். டிக்டாக் இளைஞர்களும் கொரிய பாப் இசை ரசிகர்களும் போகும் எண்ணமே இல்லாமல் டிக்கெட் பதிவு செய்து வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த காணொளிகளில் ஒன்றைப் போட்டவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். டிக்டாக்காரர்கள் அரங்கைக் காலி செய்தார்கள் என்று பலரும் எழுதினார்கள். அது சரியல்ல. டிக்கெட் பதிவுக்கு உச்ச வரம்பே கிடையாது. முதலில் வருபவருக்கு முதலில் இடம். ஆகவே போலிப் பதிவால் எந்த ஆதரவாளரும் இருக்கை இழந்திருக்க முடியாது. தொற்று பயம் கூட்டத்தைக் குறைத்தது என்பதுதான் நியாயமான விளக்கம். போலிப் பதிவுகள் செய்தது வேறு. எதிர்பார்ப்பைப் பொய்யாக ஊதிப் பெருக்கின. அதனால் ஏமாற்றம் பெரிதாகத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று டிக்டாக்குக்கு எதிரான ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். காரணமாகச் சொன்னது சீனாவும் தேசப் பாதுகாப்பும். நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன.

இதுவரை சொன்னதில் பணம் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. 2019 அக்டோபரிலேயே டிக்டாக் ஒரு முடிவு எடுத்திருந்தது: அரசியல் விளம்பரத்தை ஏற்பதில்லை. வேட்பாளர், கட்சி, தேர்தல் பிரச்சினை எதற்கும் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது. மகிழ்ச்சியான இடமாக இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொன்ன காரணம். கேட்பதற்கு நல்ல முடிவுதான். ஆனால் ஃபேஸ்புக்கில் ஒரு கட்சி விளம்பரம் கொடுத்தால் யார் பணம் கொடுத்தது, எவ்வளவு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு பதிவேடு பொதுவெளியில் இருக்கும். டிக்டாக்கில் விளம்பரமே கிடையாது என்பதால் பதிவேடும் கிடையாது. செலவழிக்கத் துடிக்கும் பணம் ஒரு கதவை மூடியதற்காக வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. காணொளி போடுபவரின் வாயைத் தேடிப் போனது. 

2020 பிப்ரவரியில் கோடீஸ்வர வேட்பாளர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் பிரசாரக் குழு, பெரிய இன்ஸ்டாகிராம் நகைச்சுவைக் கணக்குகளுக்குப் பணம் கொடுத்துத் தன்னைப் பற்றிய துணுக்குகளைப் போட வைத்தது. சிறிய கணக்குகளுக்குத் தலைக்கு 150 டாலர் என்று விலையும் வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், வலதுசாரி மாணவர் அமைப்பான டர்னிங் பாயிண்ட்டோடு தொடர்புடைய ஏற்பாடு ஒன்றின் கீழ் அரிசோனாவில் பதின்ம வயதினர் கூலிக்கு ஒரே மாதிரியான கருத்துகளைச் சமூக ஊடகங்களில் எழுதியதை வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டு வந்தது. அவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் உண்டு. அவரவர் சொந்த நம்பிக்கையைத்தான் எழுதினார்கள் என்றது அமைப்பு. அந்த வேலையைச் செய்வித்த விளம்பர நிறுவனத்தை ஃபேஸ்புக் நிரந்தரமாகத் தடை செய்தது. 2021 ஜூனில் மோசில்லா அறக்கட்டளை டிக்டாக்கை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அரசியல் அமைப்புகளோடு பண உறவு வைத்திருந்தும் அதைச் சொல்லாமல் காணொளி போட்டவர்கள் ஒரு டஜனுக்கு மேல் சிக்கினார்கள். வலதில் மட்டுமல்ல, இடதிலும்.

எல்லோரும் கூலிக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். 2020 தேர்தலுக்கு முன் ‘டிக்டாக் ஃபார் பைடன்’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒன்று சேர்ந்தார்கள். தேர்தல் முடிந்ததும் கலைந்து போகாமல் ‘ஜென் இசட் ஃபார் சேஞ்ச்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நிலைத்தார்கள். 2021-இல் டெக்சாஸில் கருக்கலைப்பு செய்பவர்களைக் காட்டிக்கொடுக்க ஓர் இணையதளம் திறக்கப்பட்டபோது, டிக்டாக் இளைஞர்கள் அதில் போலிப் புகார்களை மழையாகக் கொட்டினார்கள். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததற்கு மறு மாதம், 2022 மார்ச்சில், வெள்ளை மாளிகை 30 டிக்டாக் படைப்பாளர்களை ஜூமில் அழைத்துப் போர் நிலவரத்தை விளக்கியது. செய்தித் தொடர்பாளர் ஜென் சாகியே பேசினார். அந்த அழைப்பைச் சாத்தியமாக்கியதில் இந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. மறு ஆண்டு, அலாஸ்காவில் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு பைடன் ஒப்புதல் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்தபோது டிக்டாக் இளைஞர்கள் அவரையே எதிர்த்துப் பெரும் அலை எழுப்பினார்கள். இந்தக் குழுவினரும் அந்த எதிர்ப்பில் நின்றார்கள். தான் ஆதரித்தவரை எதிர்த்து நிற்க முடிகிறதா என்பதைத்தான் நான் ஒரு குழுவின் நேர்மைக்கு உரைகல்லாக வைத்துப் பார்க்கிறேன். கூலி வாங்கிய வாயால் அது முடியாது.

2024-க்குள் எல்லாம் நிறுவனமயமாகிவிட்டது. மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டிலும் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டிலும் காணொளிப் படைப்பாளர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு கிடைத்தது. சிகாகோவில் மட்டும் 200 பேருக்கு மேல். சிலர் முதன்மை மேடையிலேயே பேசினார்கள். டிக்டாக்கைத் தடை செய்யப் பார்த்த டிரம்ப்பே அந்த ஜூனில் அதில் கணக்குத் தொடங்கினார். அந்த ஆண்டு பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி அமெரிக்கப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் செய்திக்காக இப்படிப்பட்ட சமூக ஊடகப் பிரபலங்களை வாடிக்கையாக நம்பியிருந்தார். 30 வயதுக்குக் கீழே அது 37 சதவீதம். அந்தப் பிரபலங்களில் 77 சதவீதத்தினர் எந்தச் செய்தி நிறுவனத்திலும் பணியாற்றியவர்கள் அல்லர். ஆசிரியர் குழு, மறுப்பு வெளியிடும் கடமை, விளம்பரத்தையும் செய்தியையும் பிரிக்கும் கோடு ஆகிய மூன்றும் இல்லாத இடத்திலிருந்து இத்தனை பேருக்குச் செய்தி போகிறது என்று பொருள்.

சட்டம் என்ன செய்தது? முகப்பசை விற்கும் ஒரு பெண் காசு வாங்கியிருந்தால் அதைக் காணொளியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க வணிக விதி. வேட்பாளருக்காகப் பேசக் காசு வாங்கியவர் அதைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 2023 டிசம்பரில் பரிசீலித்துக் கைவிட்டது. பிரசாரக் குழுவின் செலவுக் கணக்கில் ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனம் யார் யாருக்குக் கொடுத்தது என்பது அங்கே தெரியாது. முகப்பசை வாங்கி ஏமாந்தால் நூறு ரூபாயோடு போகும். ஓட்டுப் போட்டு ஏமாந்தால் நான்காண்டு. எதற்குக் காவல் கூடுதலாக வேண்டும் என்று யோசிக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இந்த ஓட்டையில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதற்கு 2024 செப்டம்பரில் சாட்சி கிடைத்தது. ரஷ்ய அரசு ஊடகமான ஆர்டியின் ஊழியர்கள் இருவர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. டென்னசியில் இயங்கிய ஒரு நிறுவனத்துக்குச் சுமார் 1 கோடி டாலர் கமுக்கமாகப் பாய்ச்சி, அதன் வழியாகப் பெயர் பெற்ற வலதுசாரிப் பேச்சாளர்களைக் காணொளி போட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. யூடியூபில் மட்டும் ஏறத்தாழ 2,000 காணொளிகள். 1 கோடியே 60 லட்சம் முறை அவை பார்க்கப்பட்டிருந்தன. முதலீட்டாளர் யார் என்று பேச்சாளர்களில் ஒருவர் தரப்பு கேட்டபோது ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு அனுப்பப்பட்டது. ஐரோப்பியச் செல்வந்தராம், தனி விமானத்தின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் படமும் அதில் இருந்தது. அப்படி ஒரு மனிதரே இல்லை. பேச்சாளர்கள் தாங்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்றார்கள். அவர்கள் மீது வழக்கு இல்லை. அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பழக்கமே அந்தத் தொழிலில் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. மறு ஆண்டு ஆகஸ்டில் மறுபக்கமும் வெளிவந்தது. ஜனநாயகக் கட்சிச் சார்புள்ள, கொடையாளர் பெயரை வெளியிடாத நிதியம் ஒன்று, கோரஸ் என்ற பயிற்சித் திட்டத்தின் வழியாகப் படைப்பாளர்களுக்கு மாதம் 8,000 டாலர் வரை கொடுத்ததையும், அதை வெளியே சொல்ல ஒப்பந்தம் கட்டுப்பாடு போட்டிருந்ததையும் வயர்டு இதழ் எழுதியது. என்ன பேச வேண்டும் என்று நாங்கள் கட்டளையிடுவதில்லை என்பது கோரஸ் தரப்பின் பதில்.

ஆனால் ஒரு தேர்தலே ரத்தாகும் அளவுக்கு இது போனது அமெரிக்காவில் அல்ல, ருமேனியாவில். 2024 நவம்பர் 24 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் கெலின் ஜார்ஜெஸ்கு என்பவர் 22.94 சதவீத ஓட்டு வாங்கி முதலிடத்துக்கு வந்தார். கருத்துக் கணிப்புகள் அவரை ஒற்றை இலக்கத்தில் வைத்திருந்தன. பிரசாரச் செலவு என்று அவர் கணக்குக் காட்டியது பூஜ்யம். சுவரொட்டி, கட்சி, பெரிய மேடை எதுவும் இல்லை. டிக்டாக் மட்டும் இருந்தது.

டிசம்பர் 4 அன்று அரசு வெளியிட்ட உளவுத்துறை ஆவணங்களில் விவரம் வந்தது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் திடீரென்று சுறுசுறுப்பாகியிருந்தன. அவற்றில் 797 கணக்குகள் 2016-இல் திறக்கப்பட்டு, ஆண்டுக்கணக்காகப் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தவை. ஒரே ஒருவரின் கணக்கிலிருந்து ஒரு மாதத்தில் ஏறத்தாழ 3,80,000 டாலர், பிரசாரத்தைத் தூக்கிவிட்டவர்களுக்குப் போயிருந்ததாகவும் அவை கூறின. இரண்டாம் சுற்றுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, வெளிநாட்டு ருமேனியர்கள் ஓட்டுப் போடத் தொடங்கிவிட்ட பிறகு, டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் முழுத் தேர்தலையும் ரத்து செய்தது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒரு ஹேஷ்டேக். ‘சமநிலையும் நிமிர்வும்’ என்று தமிழில் சொல்லலாம். ஃபேம்அப் என்ற இடைத்தரகுத் தளம் நூற்றுக்கு மேற்பட்ட சிறு, நடுத்தரப் பிரபலங்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. அடுத்த அதிபர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று உங்கள் பாணியில் பேசுங்கள். எந்தப் பெயரையும் சொல்லாதீர்கள். அவ்வளவுதான். முகத்துக்கு மை தீட்டிக்கொண்டே ஒருவர் பேசினார். இன்னொருவர் வேறு ஏதோ வேலைக்கு நடுவில் பேசினார். நேர்மையானவர் வேண்டும், நிமிர்ந்து நிற்பவர் வேண்டும். யாருக்கும் மறுப்பு எழாத வார்த்தைகள். கீழே பின்னூட்டங்களில் ஆயிரம் ஆயிரமாக ஒரே பெயர் வந்து விழுந்தது: ஜார்ஜெஸ்கு. காணொளி போட்டவர் பெயர் சொல்லவில்லை, அதனால் அது அரசியல் விளம்பரம் ஆகாது. பின்னூட்டம் எழுதியவர் காசு வாங்கியதாகத் தெரியாது, அதனால் அதுவும் விளம்பரம் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் கண்ணுக்கு மட்டும் அது முழு விளம்பரம்.

அந்த வேலைக்குப் பணம் கொடுத்தது யார்? ருமேனியப் புலனாய்வுச் செய்தித் தளமான ஸ்னூப் டிசம்பரில் வெளியிட்ட தகவல் எல்லோரையும் அதிர வைத்தது. வரித்துறை கண்டறிந்தபடி அந்தப் பிரசாரத்தின் ஆரம்பப் பணம் ஆளும் கூட்டணியில் இருந்த தேசிய லிபரல் கட்சியுடையது. தங்கள் பிரசாரம் கடத்தப்பட்டுவிட்டது என்றது கட்சி. பெயர் சொல்லாமல் பேசவைத்தால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதை அவர்கள் தாமதமாகக் கண்டுகொண்டார்கள். பேசிய பிரபலங்களில் பலர் தாங்கள் யாருக்காகப் பேசினோம் என்பதே தெரியாது என்றார்கள். வெளிப்படையாகப் பெயர் போட்டு விளம்பரம் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது. தேர்தல் மறுபடி 2025 மே மாதத்தில் நடந்து, 18-ஆம் தேதி இரண்டாம் சுற்றில் புகாரெஸ்ட் மேயர் நிக்குஷோர் டான் வென்றார். ஜார்ஜெஸ்குவைப் போட்டியிட அனுமதிக்கவில்லை. ஒரு தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்வது சரியா என்ற கேள்வியை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால் அவர்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதை ஓட்டுக்கு முன்பே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தியாவின் பாதை சற்று வேறு. டிக்டாக்கைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்கும்படி 2019 ஏப்ரல் 3 அன்று உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். கவலை ஆபாசமும் குழந்தைகளின் பாதுகாப்பும். அதே மாதம் 24-ஆம் தேதி தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்குக்கு இந்தியாவில் சுமார் 20 கோடிப் பயனர்கள். இடம் காலியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இங்கேதான் சோதித்தது. கூட்டம் அப்படியே இடம் மாறியது. அரசியலும் பின்னாலேயே போனது.

இங்கே அரசே சந்தைக்கு வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அரசு அறிவித்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பரப்பும் பிரபலங்களுக்குப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பொறுத்து மாதம் 8 லட்சம் ரூபாய் வரை கொடுக்க வழி செய்தது. அறிவித்துச் செய்ததால் குறைந்தபட்சம் நமக்குத் தெரியவந்தது. சோப்பு, தைலம், சேலை விற்பவர் காசு வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேட்பாளர்கள் சமூக ஊடகத்தில் செய்யும் செலவைத் தேர்தல் கணக்கில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013-இலேயே சொல்லிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில், கட்சியின் பெயரைச் சொல்லாமல் கட்சிக்காகப் பேசும் காணொளி நிற்கிறது.

என் அண்ணன் மகள் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ரீலைக் காட்டினாள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைச் சுவைத்துக் காட்டும் ஓர் இளைஞர், இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்த ஊருக்கு வந்த புதுச் சாலையைப் பற்றி இரண்டு வாக்கியம் புகழ்ந்துவிட்டு மீன் குழம்புக்குப் போனார். சித்தப்பா, இதற்குக் காசு வாங்கியிருப்பாரா என்று கேட்டாள். நான் அந்தக் காணொளியை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். குறிப்பு வரியைப் படித்தேன், பின்னூட்டங்களைப் படித்தேன், அவருடைய பழைய காணொளிகளைத் தேடினேன். சாலை உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். முப்பதாண்டு செய்தித்தாள் படித்துப் பழகிய எனக்கு அவளுக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அவள் கேட்டாளே என்பதில் ஒரு நிம்மதி.

2025 அக்டோபர் 10 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பர வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு, எந்தத் தேர்தலுக்கு என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் முத்திரை போட வேண்டும். இணங்குவது கடினம் என்று கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திவிட்டன. 2019-இல் டிக்டாக் எடுத்த முடிவை இப்போது மற்றவர்களும் எடுத்திருக்கிறார்கள். அப்போது பணம் எந்தப் பக்கம் திரும்பியது என்று மேலே பார்த்தோம். ஐரோப்பியச் சட்டம் கூலிப் பேச்சையும் விளம்பரமாகவே கருதுகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் கூகுளின் கணினிப் பதிவில் தப்ப முடியாத விளம்பரம், ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு கைமாற்றுத் தொகையிலும் சுலபமாகத் தப்பிவிடும்.

அமெரிக்க மாநிலங்கள் சில மட்டும் நேராகக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. தேர்தல் குழுவிடம் பணம் பெற்றவர் அதைத் தன் பதிவிலேயே சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2023-இல் சட்டம் போட்டது. டெக்சாஸ் கதை இன்னும் பாடமானது. அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் கென் பேக்ஸ்டன் 2023-இல் பதவிநீக்க விசாரணையை எதிர்கொண்டபோது, அவருக்கு ஆதரவாகப் பேச இளம் பிரபலங்களை ஒரு நிறுவனம் கூலிக்கு அமர்த்தியதை டெக்சாஸ் டிரிப்யூன் வெளியிட்டது. அதன் பிறகே 2024-இல் மாநில அறநெறி ஆணையம், அரசியல் பேசக் காசு வாங்குபவர் அதைக் காணொளியிலேயே தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அந்த விதி டெக்சாஸ் மாநிலத் தேர்தல்களுக்குத்தான். அதே ஆள், அதே படுக்கையறையில், அதே விளக்கொளியில் அதிபர் தேர்தலைப் பற்றிக் காசு வாங்கிப் பேசினால் அவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை.